ரிங் போகிறது, எடுக்கவில்லை

(சிவகாசிக்கும் சாத்தூருக்கும் இடையிலுள்ள ஒரு கிராமத்தின் அம்பேத்கர் படிப்பகத்தில், பிளஸ் டூ முடித்தவர்களுக்கும் அவர்களுடைய பெற்றோருக்கும் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்.)

 

ஆலை வேலை முடிந்து, பஸ்ஸை விட்டு இறங்கி, முகத்தைக்கூடச் சரியாகக் கழுவாமல் வந்து உட்கார்ந்திருக்கிற அம்மாக்களுக்கும் அக்காக்களுக்கும் முதல் வணக்கம். விரலில் இருக்கிற அலுமினியப் பொடி இரண்டு நாள் சோப்புப் போட்டாலும் போகாது என்று எனக்குத் தெரியும். என் அம்மாவும் சரவெடி பின்னியவர்தான்.

பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி. பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து இன்றுவரை, ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து போன் வந்தவர்கள் கை தூக்குங்கள்.

பாருங்கள், எல்லாக் கையும் மேலே இருக்கிறது. பத்துக்கு மேல் வந்தவர்கள்? பாதிப்பேர். அந்தப் பாப்பா இரண்டு கையையும் தூக்குகிறது.

சரி. உங்கள் யாருக்காவது உங்கள் நம்பர் அவர்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று தெரியுமா? ஒரு கைகூட இல்லை. எனக்குத் தெரியும். ஏனென்றால், 2018-ஆம் ஆண்டு மே மாதமும் ஜூன் மாதமும் அப்படிப் போன் செய்த பெண்களில் நானும் ஒருத்தி.

அப்போது நான் பி.எஸ்சி. மூன்றாம் ஆண்டு முடித்திருந்தேன். ஒரு தனியார் பொறியியல் கல்லூரியின் அட்மிஷன் அலுவலகத்தில் இரண்டு மாத வேலை. கல்லூரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது ஒரு கல்லூரியின் கதை என்று நினைத்துவிட்டு, மற்ற கல்லூரி கூப்பிட்டால் நம்பிவிடக் கூடாது பாருங்கள், அதனால்தான். மாதம் 8,000 ரூபாய். ஒரு ஹால், வரிசையாகப் பதினான்கு பெண்கள், ஆளுக்கொரு ஹெட்போன். ஒரு நாளைக்கு 150 அழைப்பு. சீட் போட்டுக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று தனி.

எங்களுக்கு முன்னால் ஒரு எக்செல் தாள் இருக்கும். மாணவர் பெயர், பள்ளி, குரூப், மார்க், அப்பா பெயர், தொழில், போன் நம்பர். நடுவில் ஒரு பத்தி: கம்யூனிட்டி. அந்தத் தாள் எங்கிருந்து வந்தது என்று நாங்கள் கேட்டதில்லை. பள்ளி மாணவர்களின் பட்டியல் காசுக்கு விற்கப்படுவதாகப் பத்திரிகைகளில் செய்தி வரும்போதெல்லாம் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வருகிறது. 2023-இல் நாடாளுமன்றத்தில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 18 வயது நிரம்பாதவர் அந்தச் சட்டத்தின்படி குழந்தை. குழந்தையின் விவரத்தைப் பெற்றோரின் ஒப்புதல் இல்லாமல் கையாளக் கூடாது. பிளஸ் டூ முடிக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் 17 வயதுதான். ஆனால் உங்கள் பதினேழு வயதுப் பிள்ளையின் மார்க்கும் சாதியும் யாரோ ஒருவருடைய மேசையில் திறந்து கிடக்கிறது.

தாளின் கடைசிப் பத்தியைத்தான் நாங்கள் நிரப்ப வேண்டும். ஹாட், வார்ம், கோல்ட். ஆர்வம் அதிகம், கொஞ்சம் ஆர்வம், ஆர்வம் இல்லை. போன் எடுக்காதவர்களுக்கு ஆர்.என்.ஆர். என்று ஒரு குறி. ரிங் போகிறது, எடுக்கவில்லை என்று அர்த்தம். மூன்று முறை ஆர்.என்.ஆர். வந்தால் 'ஆர்வமில்லாத பெற்றோர்' என்று போட்டு மூடிவிட வேண்டும்.

ஒரு நாள் சிவகாசி, வெம்பக்கோட்டை, சாத்தூர் பக்கத்துப் பட்டியல் எனக்கு வந்தது. காலை பத்து மணியிலிருந்து கூப்பிடுகிறேன். பாதிக்கு மேல் சுவிட்ச் ஆஃப், இல்லாவிட்டால் எடுக்கவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் மதுரைக்காரி. "உங்க ஊருல யாருக்குமே பிள்ளையப் படிக்க வைக்கிற அக்கறை இல்ல போலயே" என்று சிரித்தாள். எனக்குச் சுருக்கென்றது. வெடி ஆலைக்குள் போன் கொண்டுபோக முடியாது. தீப்பெட்டி, பீடி, போன் எல்லாம் கேட்டுக்கு வெளியேதான். காலையில் ஆலை பஸ்ஸில் ஏறுகிற அம்மா சாயங்காலம் இறங்கும்வரை அந்தப் போன் எடுக்கப்படாது. அவளுடைய உயிருக்காகப் போட்ட விதி அது. ஒரு உராய்வு, ஒரு பொறி என்ன செய்யும் என்று இந்த ஊருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அதே அம்மா எங்கள் எக்செல் தாளில் ஆர்வமில்லாத பெற்றோர்.

அன்றைக்கு நான் மேலாளரிடம் போய்ச் சொன்னேன், இந்த ஊர்க்காரர்களைச் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடலாம் என்று. அவர் என்னைப் பாராட்டினார். எனக்குப் பெருமையாக இருந்தது. என் மக்களுக்கு நல்லது செய்துவிட்டேன் என்றே நினைத்தேன். அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

போனில் என்ன பேச வேண்டும் என்று எழுதியே கொடுத்திருப்பார்கள். முதல் வரி, "வணக்கம் சார், நல்லாருக்கீங்களா?" அம்மா எடுத்தால் "மேடம்". ஆலையில் போர்மேன் "ஏ" என்று கூப்பிடுகிற அம்மாவை ஒரு குரல் மேடம் என்கிறது. ஊர்த் தெருவில் பேர்கூடச் சொல்லாமல் சாதியைச் சொல்லி அதட்டப்பட்ட அப்பாவை ஒரு குரல் சார் என்கிறது. இதன் ருசி தெரியாதவர்களுக்கு நம் ஆட்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்புகிறார்கள் என்பது புரியாது. ஏமாந்தவர்கள் என்று நம்மை எளிதாகச் சொல்லிவிடுவார்கள். வாழ்நாளில் கிடைக்காத மரியாதை போனில் வரும்போது, அதைச் சந்தேகப்படுவதற்கு மனசு வராது தோழர்களே.

அடுத்து, கம்யூனிட்டி பத்தியைப் பார்த்துப் பேச்சு பிரியும். பி.சி. என்றால் ஹாஸ்டல், பஸ், பிளேஸ்மென்ட். எஸ்.சி. என்றால் ஒரே வரிதான்: "உங்களுக்குப் பைசா செலவில்லை சார், ஃபுல் ஸ்காலர்ஷிப். கவுன்சிலிங் எல்லாம் அலைய வேண்டாம். ஒரிஜினல் சர்டிபிகேட்டோட வந்தா அன்னைக்கே சீட்."

இந்த ஒரு வரியைப் பற்றித்தான் இன்று நான் பேச வந்திருக்கிறேன். மற்றதெல்லாம் இதன் ஓரம்தான்.

ஸ்காலர்ஷிப் என்பது அந்தக் கல்லூரி தருவது இல்லை. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை 1944-இல் தொடங்கியது. அப்போது வைசிராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்து, பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசுப் பணம் வேண்டும் என்று வற்புறுத்தியவர் யார் என்று இந்தச் சுவரில் மாட்டியிருக்கிற படத்தைப் பார்த்தாலே தெரியும். சுதந்திரத்துக்கு முன்பே நாம் வாங்கிய உரிமை அது. தமிழ்நாட்டில் 2012 செப்டம்பரில் வந்த அரசாணை எண் 92, சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியினர், கிறித்தவ ஆதிதிராவிடர் மாணவர்களின் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்றது. வருமான வரம்பு ஆண்டுக்கு இரண்டரை லட்சம். ஆக, நம் பிள்ளை ஒவ்வொன்றும் வகுப்பில் உட்கார்ந்தால், அதற்குப் பின்னால் அரசுப் பணம் வருகிறது. ஆண்டுதோறும் பல்லாயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கிற பொறியியல் கல்லூரிகளுக்கு, திடீரென்று நம் சேரித் தெருக்கள் மீது ஏன் இத்தனை பாசம் என்பது இப்போது புரிகிறதா?

அந்தப் பாசத்தில் தப்பில்லை என்றுகூட வைத்துக்கொள்ளுங்கள். பணம் வரும், பிள்ளை படிக்கும், யாருக்கு நஷ்டம்? நானும் அப்படித்தான் நினைத்தேன். நஷ்டம் எங்கே இருக்கிறது என்றால், அந்த வரியின் நடுவில்: "கவுன்சிலிங் அலைய வேண்டாம்."

கவுன்சிலிங்குக்குப் போகாமல் நேரடியாகச் சேர்ந்தால் அது மேனேஜ்மென்ட் கோட்டா. நிர்வாக ஒதுக்கீடு. 2018-இல் ஒன்றிய அரசு போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குப் புதிய வழிகாட்டு நெறி கொண்டுவந்தது. 2018 ஏப்ரல் 1 முதல் நடைமுறை. அதில், நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்த மாணவர்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். முதல் பட்டதாரிச் சலுகையும் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வில் சேர்ந்தவர்களுக்குத்தான். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2021-இல் சட்டமாக வந்த 7.5 சதவீத முன்னுரிமை ஒதுக்கீடும், அதில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசு கட்டுவதும் கலந்தாய்வு வழியாக மட்டும்தான். எந்த வாசலில் நமக்கு உரிமை இருக்கிறதோ அந்த வாசலுக்குப் போக வேண்டாம் என்றுதான் அந்தக் குரல் சொல்கிறது. மேடம் என்று கூப்பிட்டுச் சொல்கிறது.

2018 மே மாதம் என் கையில் இருந்த தாளில் இந்த மாற்றம் ஏறவில்லை. பழைய வரிதான் இருந்தது. மேலே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்ததா என்று எனக்குத் தெரியாது. எனக்குத் தெரியாது, அதுதான் என்னால் சொல்ல முடிந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நானே கேட்டு வாங்கிக் கூப்பிட்ட வீடுகளிலெல்லாம் அந்த வரியைச் சொன்னேன். நம்ம ஊர்ப் பேச்சில், "சித்தி, நானும் உங்க பக்கத்து ஊருதான்" என்று சொல்லிச் சொன்னேன். மற்றவர்களைவிட எனக்கு அதிகம் சீட் விழுந்தது.

என் தம்பியையும் சேர்த்துவிட்டேன். அவன் அந்த ஆண்டுதான் பிளஸ் டூ. நான் வேலை பார்த்த கல்லூரி இல்லை, இன்னொன்று; அங்கே ஒரு தெரிந்த பெண் போன் செய்தாள். கலந்தாய்வில் பதிவு செய்யக்கூட விடவில்லை நான். எதற்கு அலைச்சல் என்றேன். சீட்டைப் பிடித்து வைக்க டோக்கன் அட்வான்ஸ் 5,000 ரூபாய். அம்மா ஆலையில் அட்வான்ஸ் வாங்கிக் கொடுத்தார். இந்த இரண்டு அட்வான்ஸையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று மகனைக் கல்லூரியில் கட்டியது, இன்னொன்று அம்மாவை ஆலையில் கட்டியது.

அக்டோபர் 23-ஆம் தேதி பட்டாசு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தது. பேரியம் கூடாது, சரவெடி கூடாது. அம்மாவுக்குத் தெரிந்ததே சரவெடி பின்னுவதுதான். தீபாவளி முடிந்ததும் ஆலைகளை மூடினார்கள், மாதக்கணக்கில் திறக்கவில்லை. அந்தத் தீர்ப்பு சரியா தவறா என்ற விவாதத்துக்குள் இன்று போகவில்லை. டெல்லியின் மூச்சு முட்டுவதும் உண்மை, எங்கள் அடுப்பு அணைந்ததும் உண்மை. அந்த மாதங்களில்தான் கல்லூரியிலிருந்து அடுத்த போன். இந்த முறை சார், மேடம் எல்லாம் கிடையாது. "உங்க பையன் மேனேஜ்மென்ட் கோட்டா, ஸ்காலர்ஷிப் வராது, பணம் கட்டுங்க, இல்லன்னா பரீட்சை எழுத முடியாது."

அவன் இரண்டாவது செமஸ்டரோடு நின்றான். சர்டிபிகேட்டைக் கேட்டுப் போனோம். மீதி மூன்று வருடக் கட்டணத்தையும் கட்டினால் தருகிறோம் என்றார்கள். அசல் சான்றிதழைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யுஜிசி 2018 அக்டோபரிலேயே அறிவித்திருக்கிறது. ஏஐசிடிஇ-யும் அதைத்தான் சொல்கிறது. அதெல்லாம் அன்று எங்களுக்குத் தெரியாது. ஒரு தோழர் வழக்கறிஞர் நோட்டீஸ் அனுப்பி, அலைந்து, வாங்குவதற்குள் அடுத்த வருட அட்மிஷனும் முடிந்துவிட்டது. தம்பி இப்போது ஒரு ஆஃப்செட் அச்சகத்தில் இருக்கிறான். நல்ல வேலைக்காரன். அவன் மிஷினில் ஓடுகிறவற்றில் கல்லூரி விளம்பரப் புத்தகங்களும் உண்டு. பளபளவென்று, பச்சைப் புல்தரை, சிரிக்கிற முகங்கள். எங்கெங்கோ இருக்கிற கல்லூரிகளின் விளம்பரங்களும் நோட்டீஸும் காலண்டரும் இந்தச் சிவகாசியில்தானே அச்சாகிறது. அடுத்த வருடப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற தாளை அவன் வெட்டி அடுக்குகிறான். கேட்டால், "பேப்பர் நல்ல பேப்பர்க்கா" என்பான். அவ்வளவுதான் சொல்வான்.

அவன் என்னைக் குறை சொன்னதே இல்லை. நான் சித்தி என்று கூப்பிட்ட வீடுகளில் எத்தனை பிள்ளைகள் நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தாள் அவர்களிடம் இருக்கிறது.

இந்தத் 'ஆர்வம்' என்ற சொல்லைக் கொஞ்சம் பார்ப்போம். அமெரிக்காவில் பல தனியார் கல்லூரிகள் விண்ணப்பிக்கிற மாணவர் எவ்வளவு ஆர்வம் காட்டுகிறார் என்பதையும் கணக்கில் எடுக்கின்றன. கல்லூரியை நேரில் வந்து பார்த்தாரா, அனுப்பிய மின்னஞ்சலைத் திறந்தாரா, கூட்டத்துக்கு வந்தாரா என்றெல்லாம் குறித்து வைக்கிறார்கள். விமானம் ஏறி வந்து பார்க்கக் காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஆர்வம் அதிகமாகத் தெரியும் என்பதைச் சொல்ல வேண்டுமா? அங்கேயும் பட்டியல் வியாபாரம் உண்டு. எஸ்ஏடி தேர்வு எழுதுகிற பிள்ளைகளின் விவரத்தைத் தேர்வு நடத்துகிற காலேஜ் போர்டு நிறுவனமே கல்லூரிகளுக்குக் காசுக்குக் கொடுத்து வந்தது. மாணவர் விவரங்களைப் பகிர்ந்ததற்காக நியூயார்க் மாநிலத்துக்கு 2024-இல் 7,50,000 டாலர் கட்ட வேண்டி வந்தது. அந்த ஊரில் கல்லூரிகள் பிள்ளைகளை வரவழைப்பது சில சமயம் நிராகரிப்பதற்காகவாம். விண்ணப்பம் கூடினால், ஒதுக்கித் தள்ளுகிற எண்ணிக்கை கூடும், கல்லூரியின் மவுசும் கூடும்.

நம் ஊரில் இந்த ஆர்வப் பரீட்சைக்குப் பழைய பெயர் நேர்காணல். ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் மருத்துவக் கல்லூரிக்கு நேர்காணலுக்கு மட்டும் 75 மதிப்பெண் இருந்தது. அதை எதிர்த்துப் போன பெரியகருப்பன் வழக்கில் 1970-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்வு முறையைக் கண்டித்துச் சொன்னது. 75 மதிப்பெண்ணில் எது அளக்கப்பட்டிருக்கும்? அப்பா யார், எந்தத் தெரு, இங்கிலீஷ் எப்படி வருகிறது, சட்டை எப்படி இருக்கிறது. படித்துவிட்டு வருகிற பிள்ளையிடம் 'உனக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா' என்று கேட்பதற்கு அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன தகுதி என்று யாரும் கேட்டதில்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. செண்பகம் துரைராஜன் வழக்கு. 1951. வகுப்புவாரி உரிமை ஆணையை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதனால் பெரியார் தெருவில் இறங்கினார். அதனால் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பலர் கவனிக்காத ஒன்று அந்தத் தீர்ப்பிலேயே எழுதியிருக்கிறது. அந்த அம்மையார் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பித்ததாகவே தெரியவில்லை. விசாரித்ததில், பிராமணர் என்பதால் இடம் கிடைக்காது என்று தெரிந்துகொண்டதாகச் சொன்னார். அவ்வளவுதான். விண்ணப்பமே போடாத ஒருவரின் ஆர்வம் உச்ச நீதிமன்றம்வரை போய் ஒரு மாகாணத்தின் இடஒதுக்கீட்டையே சாய்த்தது.

இந்தப் பக்கம் 2024. உத்தரப் பிரதேசத்தில் முசாபர்நகர் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு தலித் மாணவர். அப்பா தினக்கூலி. ஜேஇஇ எழுதி தன்பாத் ஐஐடியில் இடம் கிடைத்துவிட்டது. இடத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்பதற்கு அடையாளமாக 17,500 ரூபாயை ஜூன் 24 மாலை 5 மணிக்குள் கட்ட வேண்டும். ஊரில் கைமாற்று வாங்கிச் சேர்ப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. சீட் போச்சு. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கும் வந்தார். கடைசியில் செப்டம்பர் 30 அன்று உச்ச நீதிமன்றம் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி அவரைச் சேர்க்கச் சொன்னது. நல்ல தீர்ப்பு. ஆனால் நேரத்துக்குப் பணம் கட்ட முடியாமல், நீதிமன்றத்துக்கும் போக முடியாமல் நின்றுபோனவர்கள் எத்தனை பேர்? அவர்களுக்கு இடம் வேண்டாம், அதனால்தான் பணம் கட்டவில்லை என்றுதான் கணினியில் பதிவாகியிருக்கும். ஆர்.என்.ஆர்.

இந்த ஊருக்குக் கல்வி மேல் ஆர்வம் இல்லை என்று யார் சொன்னாலும் எனக்குச் சிரிப்பு வரும். கோயிலுக்குள் விடமாட்டேன் என்று சொல்லப்பட்ட ஒரு சமூகம், வீட்டுக்கு வீடு பிடி அரிசி எடுத்து, அதில் விருதுநகரில் பள்ளிக்கூடம் நடத்தியது. சத்திரிய வித்தியாசாலை. காமராசர் படித்தது அங்கேதான். 1899-இல் சிவகாசியில் அந்த மக்களின் வீடுகளைக் கொளுத்தினார்கள். கால் நூற்றாண்டுக்குள் அதே ஊரில் அவர்கள் தீப்பெட்டி ஆலை தொடங்கினார்கள். அதன் பிறகு கல்லூரிகள். 1947-இல் விருதுநகரில், 1963-இல் சிவகாசியில், 1968-இல் பெண்களுக்கென்று ஒன்று. அந்த வரலாற்றை நான் மதிக்கிறேன். சாதியை எதிர்த்து நடந்த போராட்டங்களில் அதுவும் ஒன்று. அதே வரலாற்றைப் பார்த்துத்தான் கேட்கவும் செய்கிறேன்: பிடி அரிசியில் தொடங்கிய ஊரில், மருந்து அறையில் உட்காருகிறவர்கள் மட்டும் ஏன் இன்னும் நம் தெருக்காரர்களாகவே இருக்கிறார்கள்? நம் பிள்ளைகள் தீப்பெட்டி ஒட்டிய காலம் ஒன்று இருந்தது. அதற்காக உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. அந்தப் பிள்ளைகள்தான் இங்கே உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள். 2017-லும் 2018-லும் 2023-லும் பிளஸ் டூ தேர்ச்சியில் மாநிலத்திலேயே முதல் மாவட்டம் விருதுநகர். ஆர்வமாம், ஆர்வம்.

எங்கள் அலுவலகத்தில் இன்னொரு அளவுகோலும் இருந்தது. கேம்பஸ் விசிட். "அப்பா அம்மாவோட வந்து கல்லூரியைப் பாருங்க, பஸ் அனுப்புறோம், சாப்பாடு போடுறோம்." வந்தால் ஹாட். சனிக்கிழமை வரச் சொல்வார்கள். சனிக்கிழமை ஆலையில் சம்பள நாள். அன்றைக்கு வேலையை விட்டுவிட்டுப் போனால் வாரக் கணக்கே தகராறாகும். வராதவர்கள் கோல்ட். உதவி பெறும் கலைக் கல்லூரிகள் சிலவற்றிலும் பெற்றோரை நேரில் கூட்டி வா என்கிறார்கள், கல்லூரிக்கொரு விண்ணப்பம், கல்லூரிக்கொரு கட்டணம், கல்லூரிக்கொரு நாள் கூலி. அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு இப்போது எல்லாவற்றுக்கும் சேர்த்து இணையத்தில் ஒரே விண்ணப்பம், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்குப் பதிவுக் கட்டணம் இரண்டு ரூபாய்தான். உதவி பெறும் கல்லூரிகளின் ஆசிரியர் சம்பளத்தை அரசுதான் கொடுக்கிறது. அவற்றையும் ஏன் அந்த ஒரே சாளரத்துக்குள் கொண்டுவரக் கூடாது? இந்தக் கோரிக்கையை நம் அமைப்புகள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து.

பொறியியல் கலந்தாய்வைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பிரியம் உண்டு. அதில் யாரும் உன் ஆர்வத்தைக் கேட்பதில்லை. கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50; 200-க்கு உன் கட் ஆஃப் என்ன, உன் சாதிச் சான்று என்ன, முடிந்தது. நுழைவுத் தேர்வை ஒழிக்கவே இந்த மாநிலம் சட்டம் போட்டிருக்கிறது. சிறுபான்மைக் கல்லூரி அல்லாத தனியார் கல்லூரிகள் 65 சதவீத இடத்தையும், சிறுபான்மைக் கல்லூரிகள் 50 சதவீத இடத்தையும் அரசுக்குக் கொடுத்தாக வேண்டும். அந்த இடங்களில் 69 சதவீத ஒதுக்கீடு உண்டு. எஸ்.சி. 18, அதற்குள் அருந்ததியர் 3. நிர்வாக இடத்தில் இந்தக் கணக்கு எதுவும் கிடையாது. நம் பிள்ளைகளை அந்தப் பக்கம் இழுத்துக்கொள்கிறபோது, இந்தப் பக்கம் நமக்கென்று ஒதுக்கிய இடம் காலியாகக் கிடக்கிறது. பிறகு ஒருவர் டிவியில் வந்து, "எஸ்.சி. இடங்கள் நிரம்பவே இல்லை, ஆளே இல்லை" என்பார். ஆள் இருந்தான். அவனைப் போன் போட்டுக் கூட்டிக்கொண்டு போய்விட்டீர்கள்.

கலந்தாய்விலும் குறை இல்லாமல் இல்லை. இடம் ஒதுக்கியதும் சில நாள்களுக்குள் கல்லூரியில் போய்ச் சேர வேண்டும். அந்தச் சில நாள்களில்தான் "ஸ்காலர்ஷிப் வரும்வரை நீங்க கட்டுங்க" என்று கல்லூரி கேட்கும். இணையப் பதிவுக்கு நெட் சென்டரில் உட்கார்ந்தால், அங்கே உதவி செய்கிறவரே ஏதோ ஒரு கல்லூரியின் ஆளாக இருப்பார். விருப்பப் பட்டியலில் அவர் கல்லூரியை முதலில் போட்டுவிடுவார். போன வருடம் இந்தத் தெருப் பிள்ளை ஒன்றுக்கு நடந்தது இது. ஆகவே பாஸ்வேர்டை யாரிடமும் கொடுக்காதீர்கள். அண்ணன் முறையாக இருந்தாலும் சரி, பாடம் எடுத்த சாராக இருந்தாலும் சரி. தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிற சார்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்; வாங்காத சார்களும் இருக்கிறார்கள், அவர்களில் ஒருவர் இங்கே பின்னால் நிற்கிறார்.

இனிமேல் போன் வந்தால் திட்ட வேண்டாம். அந்தப் பக்கம் பேசுவது பெரும்பாலும் நம்மை மாதிரி ஒரு வீட்டுப் பெண்தான், 8,000 ரூபாய்க்கு உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "இது கவுன்சிலிங் சீட்டா, மேனேஜ்மென்ட் சீட்டா?" அவள் தடுமாறுவாள். கவுன்சிலிங்தான் என்றால், "அப்போ உங்க கல்லூரியோட கவுன்சிலிங் நம்பரைச் சொல்லுங்க, நான் லிஸ்ட்ல போட்டுக்கிறேன்" என்று சொல்லி நம்பரை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்காலர்ஷிப் என்றால் அதைக் கல்லூரி லெட்டர்பேடில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். யாரும் தரமாட்டார்கள். கலந்தாய்வு முடிந்து ஒதுக்கீட்டு ஆணை கையில் வரும்வரை ஒரிஜினல் சான்றிதழை வீட்டைவிட்டு வெளியே எடுக்காதீர்கள். பத்து செட் ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள். சாதிச் சான்றும் வருமானச் சான்றும் இன்னும் வாங்காதவர்கள் நாளைக்கே இ-சேவை மையத்தில் போடுங்கள். தாசில்தார் அலுவலகத்தில் இழுத்தால் இங்கே வந்து சொல்லுங்கள், நாலு பேராகப் போவோம். ஏற்கெனவே எங்கேயாவது சர்டிபிகேட்டைக் கொடுத்துவிட்டவர்கள் இருந்தால் வெட்கப்பட வேண்டாம், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். நோட்டீஸ் எப்படி எழுத வேண்டும் என்று இப்போது எனக்கு நன்றாகவே தெரியும்.

பதிவுக் கட்டணம் 250 ரூபாய் இல்லாதவர்களுக்குப் படிப்பகம் கொடுக்கும். இரண்டு லேப்டாப் இருக்கிறது. சாயங்காலம் ஆறரைக்கு மேல்தான் உட்காருவோம், ஆலை பஸ் வந்த பிறகு, அம்மாவும் கூட உட்கார்ந்து பார்க்கிற மாதிரி.

என் தம்பி பின்னால் வாசல் பக்கம் நிற்கிறான். அவன் பேசமாட்டான். விருப்பப் பட்டியலை எப்படி வரிசைப்படுத்துவது என்று அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்று வருடமாக அவன்தான் உட்கார்ந்து போட்டுக் கொடுக்கிறான். முதலில் இரண்டு கையையும் தூக்கிய பாப்பா, நீ எழுந்து வா. உன் கட் ஆஃப் எவ்வளவு?